நஞ்சி நிறுத்திய இடம்

மலையடிவார மடம் ஒன்றில் ஒரு குரு இருந்தார். வெள்ளைக்காரர் காலத்தில் காட்டைவிட்டுத் துரத்தப்பட்ட மலைக்குடிகள் பட்ட பாட்டை, அவர்கள் வாயால் கேட்டு எழுதும் வேலையைத் தம் சீடன் அம்பலவாணனுக்குத் தந்திருந்தார். அம்பலவாணனுக்கு வயது நாற்பது. எழுத்து அழகாக இருக்கும், அந்தக் கர்வமும் உண்டு.

“எழுதி வைத்தால் போதாதா குருவே? சந்தைத் திடலில் ஊரைக் கூட்டி வேறு சொல்ல வைக்க வேண்டுமா?”

“நாளைக்கு வா, பார்க்கலாம்” என்றார் குரு.

மறுநாள் காலை திடலில் நஞ்சி என்ற மலைக்குடிக் கிழவி பேச எழுந்தாள். அவர்கள் வழக்கப்படி, கேட்பவர் வரிக்கு வரி உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் சொன்னதை ஏற்கவில்லை என்று பொருள். சொல்பவர் அங்கேயே நிறுத்திவிடுவார். அன்று எழுதுவதோடு உம் கொட்டும் பொறுப்பும் அம்பலவாணனுக்கு.

“துரையோட ஆளுங்க எங்க குடிசைங்களுக்குத் தீ வெச்சாங்க.”

“உம்.”

“பதினோரு பேரு உள்ளயே வெந்து போயிட்டாங்க.”

“உம்.”

யாரோ செய்த பாவத்துக்கு உம் கொட்டுவது அவனுக்குச் சுலபமாகத்தான் இருந்தது.

“அந்த ஆளுங்களுக்கு வழி காட்டினது இந்த மடத்துப் பெரியசாமி. அதுக்குத் துரை குடுத்த எடத்துலதான் மடம் நிக்குது.”

பேனா நின்றது. பெரியசாமி மடத்தை நிறுவியவர். அவர் சமாதிக்குத் தினமும் பூ வைப்பவன் அம்பலவாணன். ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

நஞ்சி காத்திருந்தாள். பிறகு அதே வரியை மறுபடி சொன்னாள்.

“உம்” என்றார் முன்வரிசையில் இருந்த குரு.

அவள் மேலே சொல்லத் தொடங்கினாள்.

திரும்பும் வழியில் அம்பலவாணன் நோட்டைப் பார்த்தபடியே பேசினான். “அந்த வரியை நான் எழுதவில்லை. பொய்யாக இருந்தால்?”

“மெய்தான். என் குருவே என்னிடம் சொல்லியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு முன்னால் நஞ்சியும் மடத்துக்கு வந்து, என்னிடம் தனியாகச் சொன்னாள்.”

“நீங்கள்?”

“உம் கொட்டவில்லை. எழுந்து போய்விட்டாள்.”

அம்பலவாணனுக்கு வெட்கமாக இருந்தது. குருவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“இன்றைக்காவது ஏற்றுக்கொண்டீர்களே” என்றான்.

“இன்றைக்கு ஊரே பார்த்துக்கொண்டிருந்தது அம்பலவாணா. அதனால்தான் என் வாய் திறந்தது. அதையும் சேர்த்து எழுது.”