சனிக்கிழமை பல் வலி

நாளைக்கு அம்மா அண்ணனை மட்டும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்கன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத மிருது. சித்தி பக்கத்துல வந்து படு. கதை சொல்றேன், நீ ம் கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு அக்கா, அவ பாவாடையைப் பிடிச்சுக்கிட்டே திரிய ஒரு தங்கச்சி. ரெண்டு பேருக்கும் ஒரே போர்வை. அதுக்குள்ள புகுந்துக்கிட்டு குசுகுசுன்னு பேசுவாங்க. அக்கா பத்தாவது வந்தா பாரு, என்னமோ ஆயிடுச்சு. சோறு இறங்கல, தூக்கம் இல்ல, பொலபொலன்னு அழுகை. ஏன்டின்னு கேட்டா தெரியலம்பா. போர்வைக்குள்ள பேச்சும் நின்னு போச்சு.

"ம்."

மொதல்ல அவங்கம்மா உப்பு மிளகா சுத்தி அடுப்புல போட்டாங்க. படபடன்னு வெடிச்சுது, அழுகை நிக்கல. அப்புறம் தாயத்து கட்டினாங்க. அதுக்கும் நிக்கல. அப்புறம் டீச்சர் சொல்லி, மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு அப்பா. தெருவுல தெரிஞ்சா பைத்தியம்னு பட்டம் கட்டிடுவாங்கன்னு, கேட்டவங்களுக்கெல்லாம் பல் டாக்டர்னு சொல்லி வச்சாங்க. தங்கச்சிகிட்டயும் அதேதான்.

அப்போ, சனிக்கிழமை ஆனா டுர்ர்ர்னு வண்டி கிளம்பும். அப்பாவும் அக்காவும் மட்டும். திரும்பி வரும்போது அக்கா உதடெல்லாம் ரோஸ்மில்க்! பல் வலிக்காரிக்கு ரோஸ்மில்க்காம்! எனக்கு வயிறு பகபகன்னு எரிஞ்சுது.

"உனக்கா சித்தி?"

தங்கச்சிக்குத்தான்டி. குறுக்க பேசாத, ம் கொட்டு.

அப்புறம் தங்கச்சி, "ஐயோ என் பல்லு"ன்னு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டா. கடிக்க ஒரு கிராம்பைக் கொடுத்துட்டு வண்டி போயிடுச்சு. அடுத்த வாரம் வண்டிச் சாவியை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சா. கண்டுபிடிச்சுட்டாங்க. மூணாவது வாரம் எதிர்வீட்டு லில்லி அத்தைகிட்ட போயி, "எங்கக்கா பல்லு நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்றா"ன்னு போட்டுக் கொடுத்துட்டா. அந்த அத்தை வாசல்லயே அக்காவை நிறுத்தி, "எங்க, ஆ காட்டு"ன்னாங்க. பல்லெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. "அப்போ வாராவாரம் எங்கடி போறே?"

அக்கா ஓடிப்போயி டமார்னு கதவைச் சாத்திக்கிட்டா. "இனிமே நான் போகவே மாட்டேன்."

"ம்."

அப்போதான் அப்பா தங்கச்சிகிட்ட உள்ளதைச் சொன்னாரு. "அங்க போக ஆரம்பிச்சப்புறம்தான்டி அவ ரெண்டு வாய் சாப்பிடுறா. இப்ப நிறுத்திட்டா என்ன பண்றது?"

தங்கச்சி டொக் டொக்னு கதவைத் தட்டினா. "அந்த டாக்டரம்மாகிட்ட ஒரு மணி நேரம் பேசுறியாமே? என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்குற." பொறாமை அப்பவும் போகல பாரு!

"உன்கிட்ட சொன்னா நீ அழுவே. அவங்க அழ மாட்டாங்க"ன்னா அக்கா, உள்ளேருந்து.

"அப்போ நீ போ. நான் வெளியில உக்காந்திருக்கேன்."

அடுத்த சனிக்கிழமை வண்டியில மூணு பேர். லில்லி அத்தை வந்து நின்னாங்க. "எங்க, பல் டாக்டர்கிட்டயா?" தங்கச்சி வாயை இறுக்கி மூடிக்கிட்டா. அக்காதான் சொன்னா. "இல்ல அத்தை. மனசு சரியில்ல. அதுக்கு டாக்டரைப் பாக்குறேன்."

அத்தை தெருவை அப்படியும் இப்படியும் பாத்தாங்க. அப்புறம் வண்டிகிட்ட குனிஞ்சு, "அந்த டாக்டர் எங்க இருக்காங்க? எங்க பெரியவன் ரெண்டு மாசமா ரூமை விட்டே வரல"ன்னாங்க.

"அக்கா சரியாயிட்டாளா சித்தி?"

ஒரே நாள்ல இல்ல. கொஞ்சம் கொஞ்சமா. அந்த அக்கா உங்கம்மாதான். இதை உன்கிட்ட சொல்லச் சொன்னதும் அவதான். நாளைக்கு அண்ணன்கூட நீயும் போ, வெளியில உக்காந்திரு. ரோஸ்மில்க் வாங்கினா மட்டும் உங்கம்மா கையில கொடுக்காத, பாதிக்கு மேல அவளே உறிஞ்சிடுவா. எனக்கு இன்னும் அந்தக் கோபம் போகல.

கதையும் வீடு வந்து சேந்தாச்சு. கண்ணை மூடு.