பின்கதவின் சாவி

பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே ஓர் ஊரில் பொறியாளர் மன்றம் ஒன்று இருந்தது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம், பழைய பஞ்சுக் கிடங்கில் கூட்டம் நடக்கும். ஒரு மாதம் சூரிய ஒளி, ஒரு மாதம் காற்று, ஒரு மாதம் சாண எரிவாயு. பேச்சுதான் மாறுமே தவிர பேசுகிறவர் மாறமாட்டார். செயலாளர் சென்னியப்பனே பதினோரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

நாற்பது பேர் வந்த கூட்டம் ஒன்பது பேராகத் தேய்ந்தது. வந்தவர்களும் பேச்சின் நடுவே பின்கதவு வழியாக நழுவினார்கள். அந்தக் கதவைத் திறந்தால் பஸ் நிறுத்தம். சென்னியப்பன் பெரிய பூட்டு ஒன்று வாங்கிக் கதவில் மாட்டினார். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆனியில் உறுப்பினர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆடிக் கூட்டத்துக்குப் பதினைந்து பேராவது வரவில்லை என்றால் மன்றத்தைக் கலைத்துவிடுவது. சென்னியப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கென்று இருந்தது அந்த மன்றம் ஒன்றுதான்.

அவர் பூங்கோதையைத் தேடிப் போனார். பதினைந்து வருஷமாகக் காற்றாடிக் கோபுரங்களில் ஏறி இறங்கிப் பழுது பார்க்கிறவள். அவருக்கு வயது அறுபத்தொன்று, அவளுக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் காற்று விஷயத்தில் அவளைத்தான் தன் குரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"அம்மிணி, போன கூட்டத்துல ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டுப்போட்டாருங்க. முழுக் காத்தையும் பிடிச்சு வச்சுக்கிட்டா என்னன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"கணக்குப் போட்டுக் காட்டினனுங்க. நூத்துல அறுவதுகூட எடுக்க முடியாதுன்னு."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம். கேட்டவரு தூங்கிட்டாருங்க."

பூங்கோதை சிரிக்கவில்லை. வண்டியை எடுத்தாள்.

ஊருக்கு வெளியே வயற்காட்டில் ஒரு காற்றாடியின் அடியில் நிறுத்தினாள். சென்னியப்பன் ஆயிரம் முறை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த காற்றாடிதான். இப்போது அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். தென்னை மரம் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் எட்டாத இறக்கை வானத்தில் இருந்து இறங்கி வந்தது. 'உஸ்ஸ்' என்று தலைக்கு மேலே கடந்து மறுபடி ஏறியது. அடுத்தது வந்தது. அதற்கடுத்தது வந்தது.

"அப்பா!" என்றார். வேறு பேச்சு வரவில்லை. பதினோரு வருஷத்தில் முதல்முறை.

"பின்னால வாங்க சார்."

பின்னால் போய் நின்றார்கள். அங்கேயும் காற்று அவர் சட்டையை உப்ப வைத்தது. தள்ளி இன்னொரு காற்றாடி சுற்றியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கண் எட்டும் தூரம் வரைக்கும் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இப்ப சொல்லுங்க அம்மிணி. முழுசையும் ஏன் பிடிக்க முடியாது?"

"சனிக்கிழமை மன்றத்துக்கு வர்றேன் சார்."

சனிக்கிழமை ஆடிக் கூட்டத்துக்கு அவளோடு சேர்த்துப் பத்துப் பேர். சென்னியப்பன் இருபத்தெட்டுத் தாள்களோடு மேடையில் நின்றார். மூன்றாம் தாளுக்குள் எல்லோரும் நோட்டீஸை விசிறியாக்கிக்கொண்டார்கள். பூங்கோதை எழுந்தாள்.

"சார், முன்கதவு தொறந்துதான இருக்குது?"

"ஆமாங்க. விரியத் தொறந்து வச்சிருக்கறனுங்க."

"மேக்கயா பாத்திருக்குது?"

"மேக்கதானுங்க."

"வெளிய ஆடிக் காத்து ஆளையே தள்ளுது. உள்ள ஏனுங்க சார் வரமாட்டேங்குது?"

அவர் முன்கதவைப் பார்த்தார். அவள் கையை நீட்டினாள். சாவியைத்தான் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கொடுக்க அதைவிட அதிக நேரம் ஆனது.

அவள் பூட்டைத் திறந்து பின்கதவைத் தள்ளினாள்.

காற்று வந்தது. முன்கதவு வழியாக மொத்தமாக வந்தது. கட்டியிருந்த துணிப் பதாகை வயிறு பெருத்தது, காலி நாற்காலிகள் நகர்ந்தன, உத்தரத்தில் எந்தக் காலத்திலேயோ ஒட்டியிருந்த பஞ்செல்லாம் உதிர்ந்து கூடம் முழுக்கப் பறந்தது. ஒன்பது பேரும் வாயைப் பிளந்துகொண்டு எழுந்து நின்றார்கள். மேடையில் இருந்த இருபத்தெட்டுத் தாள்களும் அவர்கள் தலைக்கு மேலே பறந்து பின்கதவு வழியாக வெளியே போயின.

சென்னியப்பன் கையில் ஒன்றும் இல்லை. பஞ்சு பறப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் முகம்போல இருந்தது அவர் முகம்.

பின்கதவில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கையில் இரண்டு தாள்கள்.

"ஏனுங்க, இது உங்களுதுங்களா? காத்தாடிப் படம் போட்டிருக்குதே, இது எப்படிங்க ஓடுது?"

அவளுக்குப் பின்னால் டீக்கடைக்காரர் ஆறு தாள்களோடு வந்தார். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் ஆளுக்கொன்று, இரண்டு என்று பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தன் வீட்டுச் சாண எரிவாயு அடுப்பு ஏன் வாரம் ஒருமுறை அணைந்துபோகிறது என்று கேட்டார். பத்து வருஷம் வாயே திறக்காத உறுப்பினர் ஒருவர் எழுந்து அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னது சென்னியப்பனுக்கே தெரியாத சங்கதி.

சென்னியப்பன் மேடையை விட்டு இறங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். விரல்விட்டு எண்ணினார். இருபத்தொரு பேர். நம்ப முடியாமல் மறுபடியும் எண்ணினார். கண் கலங்கிவிட்டது.

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. எழுந்து ஓடி வந்து பூங்கோதையின் காதருகே கேட்டார்.

"அம்மிணி, பஸ் வந்துருச்சுங்க. எல்லாரும் போயிருவாங்க. கதவைச் சாத்திப்போடட்டுங்களா?"

அவள் பறக்கிற பஞ்சைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னிக்குக் காத்தாடிக்குப் பின்னால நின்னீங்களே சார். அத்தனை காத்தும் அதை விட்டுப் போயிட்டேதான இருந்துச்சு. அது நின்னுருச்சுங்களா?"

சென்னியப்பன் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.