சேதியை அழிக்கும் புரதம்

இருபது வருஷம் கல்லூரியில் விலங்கியல் நடத்திவிட்டு, நாற்பத்தொன்பது வயதில் பிஎச்.டி. மாணவராகச் சேர்ந்தவர் செபமாலை. வழிகாட்டி நிலோபருக்கு அவரைவிடப் பதினோரு வயது குறைவு. இவர் ‘மேடம்’ என்பார், அந்த அம்மா ‘சார்’ என்பார். ஆய்வகத்துக்கே அது வேடிக்கை.

அன்று செபமாலை நீட்டிய பிலிமில், செல்லில் சேதி இருந்தால் விழவேண்டிய கறுப்புக் கோடு ஒன்றுகூட இல்லை.

“பேச்சியம்மாள் கொடுத்த கட்டிதானே?”

“ஆமா மேடம். செல்லுக்குள்ள சேதியே ஓடலை போல.”

“செல்லை உடைக்கும்போது தடுப்பு மருந்து போட்டீங்களா?”

செபமாலை போட மறந்திருந்தார். செல்லில் சேதி என்பது புரதத்தின்மேல் ஒட்டிய சின்ன அடையாளம். வேலை முடிந்ததும் அதைப் பிய்த்தெடுக்க வேறு புரதங்கள் உண்டு. மருந்து போடாமல் உடைத்தால் அவை இருந்த சேதியை எல்லாம் துடைத்துவிடும். முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மனுஷர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பதறிவிட்டார்.

“கட்டியில மிச்சம் இருக்கா?”

“இல்லை மேடம்.”

‘எனக்கு ஆகாட்டாலும் யாருக்காவது ஆகட்டும்’ என்று, அறுத்தெடுத்த புற்றுக்கட்டியை ஆய்வுக்குக் கொடுக்கக் கைநாட்டு வைத்தவள் பேச்சியம்மாள். போன மாதம் இறந்துபோனாள். இனி யாரிடம் போய்க் கேட்பது?

செபமாலை பிலிமை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

“அந்த அழிக்கிற புரதம் உசிரோட இருந்த செல்லுலயும் இருந்துச்சே மேடம். அப்ப ஏன் அழிக்கலை?”

“செல்லு அதைக் கட்டிப்போட்டு வைக்கும் சார். சேதி போய்ச் சேர்ந்த பிறகுதான் அவிழ்த்துவிடும்.”

“எப்ப அவிழ்க்கணும்னு அதுக்குத் தெரியுமா?”

“அதுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியலை.”

நிலோபர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எங்க வாப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, ‘ஒண்ணு சொல்லணும்மா’ன்னு ஆரம்பிச்சாங்க. மூச்சு வாங்குது, பேசாம படுங்க வாப்பான்னு அதட்டிட்டேன். நிறுத்திட்டாங்க.”

“அப்புறம் சொன்னாங்களா?”

“இல்லை.”

குளிர்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. செபமாலை குறிப்பேட்டைத் திறந்து தேதி போட்டார். அதற்குமேல் பேனா நகரவில்லை.

“என்ன மேடம் எழுத? சேதி இல்லைன்னா?”

“இல்லைன்னு எழுதாதீங்க சார். நாம சொல்ல விடலைன்னு எழுதுங்க.”