மிதக்கும் அளவுகோல்

அந்தக் காட்டுக் குளத்தில் வடிவு என்றொரு தவளை இருந்தாள். அவளுக்கு ஒரு வேலை உண்டு. குளத்தின் நடுவில் ஒரு பாறை, அதில் ஒரு வெள்ளைக் கோடு. தினமும் காலையில் பாறையில் ஏறி, கோட்டுக்கு மேல் எத்தனை விரல் தண்ணீர் நிற்கிறது என்று உரக்கக் கூவ வேண்டும். தண்ணீர் இறங்கிக் கோட்டைத் தொட்டுவிட்டால், மழை பெய்யும்வரை யாரும் குளத்திலிருந்து தண்ணீரை வெளியே கொண்டுபோகக் கூடாது. அதுதான் அங்கே கட்டுப்பாடு.

அந்தக் கோடையில் தணிகாசலம் என்ற பெருச்சாளி, குளத்தின் அடியிலிருந்து மேட்டுக்கு அப்பாலுள்ள பள்ளத்துக்கு ஒரு சுரங்கம் தோண்டினான். அதன் வழியே தண்ணீர் போய்க் கிழங்குத் தோட்டம் விளைந்தது. கிழங்கு என்றால் சும்மா இல்லை, வாயில் வைத்தால் கரையும். மானும் பன்றியும் முயலும் பழம் கொடுத்துக் கிழங்கு வாங்கித் தின்றன. எல்லோருக்கும் சந்தோஷம். தண்ணீர்தான் இறங்கிக்கொண்டே வந்தது.

கோட்டுக்கு மேல் ஐந்து விரல் இருந்த அன்று, தணிகாசலம் வடிவைத் தேடி வந்தான்.

"ஏம்மா, அந்தப் பாறை வழுக்குதே. விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா உன் பிள்ளைங்கள யாரு பாக்கிறது? உனக்காகப் புதுசா ஒரு கருவி செஞ்சிருக்கேன்."

அது ஒரு மூங்கில். அதில் பல்லால் கடித்துக் கோடுகள் போட்டு, காய்ந்த கட்டையில் கட்டித் தண்ணீரில் விட்டிருந்தான். பழைய பாறைக்கு மரியாதையாக ஓலை போட்டு மூடிவிட்டான். அதோடு நின்றானா? அந்தப் பள்ளத்தில் நிழலாக ஒரு குழி வெட்டி, சுரங்கத்துத் தண்ணீரை அதில் விட்டு, "உன் பிள்ளைங்க இங்க இருக்கட்டும். கொக்கு வராது" என்றான். வடிவுக்கு நாற்பத்து மூன்று தலைப்பிரட்டைகள். கால் முளைக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். எந்தத் தாய்தான் வேண்டாம் என்பாள்?

மறுநாள் மூங்கில் ஐந்து விரல் காட்டியது. அடுத்த நாளும் ஐந்து. அதற்கடுத்த நாளும் ஐந்து.

நான்காம் நாள் வடிவுக்குப் புரிந்துவிட்டது. மிதக்கிற கட்டை தண்ணீரோடு சேர்ந்து இறங்கும். குளத்தில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் அது ஐந்துதான் காட்டும். பெருச்சாளியிடம் ஓடினாள்.

"முதலாளி, இது தப்பால்ல காட்டுது?"

"சொல்லணும்னா சொல்லு. நான் தடுக்கல" என்றான் அவன், கிழங்கைத் துடைத்துக்கொண்டே. "சுரங்கத்தை அடைப்பாங்க. உன் பிள்ளைங்க குழிக்கும் அதே தண்ணிதான். பாத்துக்க."

வடிவு திரும்பி வந்து, "ஐந்து விரல்!" என்று கூவினாள்.

கரை பின்வாங்குவதை மற்றவர்கள் பார்க்காமல் இல்லை. பார்த்தார்கள். "கருவியே அஞ்சுன்னு காட்டுது, நமக்கு என்ன தெரியும்" என்று சொல்லிக் கிழங்கு தின்றார்கள். வடிவுக்குத்தான் இரை இறங்கவில்லை. யாராவது ஓலையை விலக்கிப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்தாள். யாருமே பார்க்கவில்லையே என்றும் பயந்தாள்.

பதினேழாம் நாள் காலையில் கானாங்கோழி செம்பா வந்தாள். நாணலுக்கு நடுவே, குளத்துக்குள்தான் அவள் கூடு.

"அக்கா, நரி நடந்தே வந்துச்சு. நீந்தல, நடந்து வந்துச்சு. முழங்கால் தண்ணிதான் இருக்கு. என் நாலு குஞ்சுல ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிருச்சு." செம்பா வடிவை நேராகப் பார்த்தாள். "நீ தினமும் அஞ்சு விரல்னு சொன்னியே. அதை நம்பித்தான் நான் கூட்டை மாத்தாம இருந்தேன்."

வடிவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பாறைக்கு நீந்திப் போனாள். ஓலையை இழுத்துத் தள்ளினாள். வெள்ளைக் கோடு தண்ணீருக்கு மேலே காய்ந்து கிடந்தது.

"கோட்டுக்குக் கீழே நாலு விரல்!" என்று கத்தினாள். "பதினாலு நாளா எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

காடே கூடிவிட்டது. பன்றி போய்ச் சேற்றை அள்ளிச் சுரங்கத்தை அடைத்தது. தணிகாசலத்துக்கு முகம் சுருங்கவில்லை. "நான் யாரையாவது பொய் சொல்லச் சொன்னேனா? கருவி செஞ்சு குடுத்தேன், அவ்வளவுதான்" என்றான். பன்றி அவனைக் காட்டைத் தாண்டித் துரத்திவிட்டு வந்தது.

அதற்குள் பள்ளத்துக் குழியில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. தலைப்பிரட்டைகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாய் நெளிந்தன. வடிவால் எத்தனையைச் சுமக்க முடியும்? முதுகில் இரண்டைத் தூக்கிக்கொண்டு தவ்வினாள். குளம் எங்கோ இருந்தது.

செம்பா அவள் எதிரே வந்து நின்றாள்.

"தள்ளு. நான் அலகுல தூக்கிட்டுப் போறேன்."

கானாங்கோழி தலைப்பிரட்டை தின்னும். அது வடிவுக்குத் தெரியும். தன்னால் ஒரு குஞ்சை இழந்தவள் இவள் என்பதும் தெரியும். முதுகிலிருந்த இரண்டோடும் வடிவு பின்வாங்கினாள்.

"உன் வார்த்தையை நான் நம்பினேன்ல? இப்போ நீ என் அலகை நம்பு" என்றாள் செம்பா.

வடிவு ஒதுங்கினாள். செம்பா ஒவ்வொரு முறை நிமிரும்போதும், அவள் தொண்டை அசைகிறதா என்றே வடிவு பார்த்துக்கொண்டிருந்தாள். அசையவே இல்லை. முப்பத்தெட்டு குளத்துக்கு வந்து சேர்ந்தன. மிச்சம் ஐந்தை எடுக்கப் போனபோது குழி காய்ந்துவிட்டிருந்தது.

"நான் ஒண்ணைக்கூட முழுங்கல" என்றாள் செம்பா.

"தெரியும்" என்றாள் வடிவு. அதற்குமேல் அழத்தான் முடிந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து மழை வந்தது. குளம் பிழைத்தது. வடிவு இப்போதும் காலையில் பாறையில் ஏறி, உள்ளதை உள்ளபடி கூவுகிறாள். ஆனால் அவள் சொல்லி முடித்ததும் மான் வந்து கோட்டைப் பார்க்கிறது, முயல் வந்து பார்க்கிறது, பன்றி வந்து பார்க்கிறது. பார்த்த பிறகுதான் குடிக்கின்றன. வடிவு தலையைக் குனிந்து அவர்களுக்கு வழி விடுகிறாள்.

கருவி பொய் காட்டுகிறது என்று தெரிந்தும் தன் ஆதாயத்துக்காக வாய்மூடி இருப்பவர், அந்தக் கருவியைச் செய்தவருக்குச் சமமான குற்றவாளியே.