மூலையில் ஒரு வெட்டு

கோவை கணபதியில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் பூங்கோதையின் டூல் ரூம் இருந்தது. பட்டறைகளுக்கு வேண்டிய அச்சுகளையும் ஜிக்குகளையும் அவள் வரைந்து, செய்து கொடுத்தாள். ஜிக் என்பது வேறொன்றுமில்லை. துளை போடும்போது பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு, துளை எங்கே விழ வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிற இரும்புக் கூடு.

அவளிடம் தொழில் கற்க வந்த அர்த்தநாரி அவளைவிட மிக மூத்தவர். பேரன் எடுத்தவர். பம்பு கம்பெனி ஒன்றில் வாழ்நாள் முழுக்கச் சோதனைப் பிரிவில் இருந்தவர். அளவு தவறிய பொருளின் மேல் சிவப்புப் பெயிண்ட் தொட்டு வைப்பது அவர் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை என்று டூல் ரூம் ஆட்கள் கேலி பேசுவார்கள். தோசையைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் தின்பார் என்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். உண்மையாகவே திருப்பிப் பார்ப்பார்.

அவர் அவளை அம்மணி என்றார். அவள் அவரை அண்ணா என்றாள். குரு என்ற சொல் அங்கே யார் வாயிலும் வந்ததில்லை.

வந்த அன்றே அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"தப்பே வராத ஜிக் எப்படி இருக்கும், அம்மணி?"

பூங்கோதை கையிலிருந்த படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டாள்.

"மொதல்ல ஒண்ணு செஞ்சு பாருங்கண்ணா."

மழைக்காலம் முடியும்போது அவருக்கு முதல் வேலை வந்தது. குறிச்சியில் பட்டறை வைத்திருக்கும் சென்னியப்பனுக்கு ஒரு ஜிக். உள்ளங்கைக்குள் அடங்கும் அலுமினியக் கட்டை ஒன்றில் துளை போட வேண்டும். கட்டையை இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் ஒட்டி வைத்து, திருகை முடுக்கி, துளைப்பானை இறக்க வேண்டும். மூலையில் ஒட்டி உட்கார்ந்தால் துளை நேராக விழும்.

பூங்கோதை படத்தைப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுக்கும்போது, சுவர்கள் சேருகிற மூலையில் பென்சிலால் ஒரு சிறு வட்டம் போட்டாள்.

"இந்த எடத்தைக் கொஞ்சம் வெட்டி விட்ருங்கண்ணா."

அர்த்தநாரி தலையசைத்தார். மூலையைக் கூர்மையாகச் சேர்க்கத் தெரியாதவர்களுக்குச் சொல்கிற பேச்சு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டார். தமக்குத் தெரியும். சுவர்களைத் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்தார். பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். ஒளி நுழையவில்லை. கத்தியால் வெட்டிய வெண்ணெய் போல நின்றது மூலை. அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பென்சில் வட்டத்தை ரப்பரால் அழித்துவிட்டார்.

அந்த வாரம் பூங்கோதை தாய்க்குக் கண் அறுவை என்று ஊருக்குப் போயிருந்தாள். ஜிக் அவள் பார்க்காமலேயே குறிச்சிக்குப் போயிற்று.

குறிச்சிப் பட்டறையில் அந்த மெஷினில் உட்காருபவள் கனகமணி. கனகு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கணவன் இல்லாதவள். பேச்சில் மிளகாய் இருக்கும், வேலையில் சுத்தம் இருக்கும். ஒவ்வொரு கட்டையை எடுத்ததும் ஜிக்கைப் பிரஷ்ஷால் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததை வைப்பாள். அவள் கையில் அளவு தவறிக் கழிவு விழுந்ததாக அதுவரை பேச்சே இல்லை.

புது ஜிக் வந்த நாளிலிருந்து விழுந்தது. துளைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்திருந்தன.

சென்னியப்பன் போன் செய்தார். அர்த்தநாரி தமது சோதனைக் கட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஜிக்கைக் கழுவினார், துடைத்தார், ஊதினார். கட்டையை வைத்துத் துளைத்து அளந்தார். மயிரிழை பிசகவில்லை.

ஜிக்கில் குறையில்லை, கையில்தான் குறை என்று முதலாளியிடம் சொன்னார். இன்னும் நன்றாகக் கூட்டித் துடைக்க வேண்டும் என்று கனகுவிடம் சொன்னார்.

"என்ற கைதானுங்க எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியுது" என்றாள் அவள்.

இன்னும் நன்றாகக் கூட்டினாள். கழிவு இன்னும் கூடியது. சிவப்புத் தொட்ட கட்டைகள் கழிவுக் கூடையில் நிறைந்தன. சனிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படி சென்னியப்பன் அவளிடம் சொல்லிவிட்டார். அவருக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் சோதனைப் பிரிவில் வாழ்நாள் கழித்த மனிதர் சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்.

சனிக்கிழமை காலையில் பூங்கோதை ஊரிலிருந்து திரும்பினாள். அர்த்தநாரி நடந்ததை அறிக்கை போல ஒப்பித்தார். ஜிக்கின் அளவுகள், சோதனையின் முடிவு, வேலையாளின் குறை.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"மூலையை வெட்டினீங்களாண்ணா?"

"வெட்ட வேண்டிய தேவை இல்லைங்க அம்மணி. ஒளிகூட நுழையாது."

அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்து, அவரையும் வரச் சொன்னாள்.

குறிச்சியில் கனகு வேலையில்தான் இருந்தாள். கடைசி நாளென்று அவள் கை எதையும் குறைத்துச் செய்யவில்லை. மெஷினுக்கு அடியில் மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.

பூங்கோதை ஜிக்கின் மூலையை ஒரு முறை பார்த்தாள். கனகுவை எழுந்து டீ குடித்து வரச் சொன்னாள். பிறகு அர்த்தநாரியைப் பார்த்தாள்.

"நீங்க உக்காருங்கண்ணா."

"நானா?"

"தொளைக்க வேண்டிய கூடை காலியாகிற வரைக்கும்."

கனகு டீக்குப் போகவில்லை. பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்தாள்.

"நல்ல பிரஷ்ஷுதானுங்க. நானே பாத்து வாங்கினது."

அர்த்தநாரி உட்கார்ந்தார். கட்டையை வைத்தார், முடுக்கினார், துளைப்பானை இறக்கினார். எடுத்தார். கூட்டினார். சோதனைப் பிரிவில் கற்ற பொறுமையெல்லாம் அந்தக் கூட்டலில் இருந்தது. அளந்தார். சரி. அடுத்தது. சரி. அலுமினியத் தூள் மெஷின் விளக்கில் மின்னியது. அவர் அதைப் பிரஷ்ஷால் தள்ளினார். தூள் சுவரோரமாகப் போயிற்று. மறுபடியும் தள்ளினார். மூலைக்குப் போயிற்று. அங்கிருந்து போக அதற்கு வேறு இடமில்லை. மீன் செதில் போன்ற ஒரு துணுக்கு, ஒளிகூட நுழையாத அந்த மூலையில் ஒட்டிக்கொண்டது. அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. அடுத்த கட்டை அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்தது.

அந்தக் கட்டையை எடுத்து அளந்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரும்பவும் அளந்தார்.

பக்கத்து மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புப் பெயிண்ட் டப்பா பலகையில்தான் இருந்தது. அர்த்தநாரி மூடியைத் திறந்தார். தமது கட்டையின் மேல் தாமே ஒரு பொட்டு வைத்தார். வேலையை நிறுத்தாமல் அடுத்ததை எடுத்தார். அதற்கும் ஒன்று வைக்க வேண்டி வந்தது.

பூங்கோதை ஜிக்கைக் கழற்றினாள். வைஸின் இடுக்கில் இறுக்கிப் பிடித்தாள். மெல்லிய தகடு மாட்டிய கட்டிங் மெஷினைக் கையில் எடுத்து, இரண்டு சுவர்களும் சேரும் இடத்தில் வைத்தாள்.

"அம்மணி" என்று அர்த்தநாரியின் கை நீண்டது. பாதியில் நின்றது. தானாகவே மடங்கிக்கொண்டது.

பொறி பறந்தது. தேய்த்துத் தேய்த்துச் சேர்த்த மூலையில், நெல்மணி புகும் அகலத்துக்கு ஒரு வெட்டு, அடிவரை விழுந்தது. இனி விளக்குப் பிடிக்கத் தேவையில்லை. சும்மா பார்த்தாலே வெளிச்சம் தெரிந்தது.

ஜிக்கை மெஷினில் மாட்டிவிட்டு அவள் கனகுவைக் கூப்பிட்டாள்.

கனகு முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். துளைத்தாள், எடுத்தாள், அதே பிரஷ்ஷால் அதே கையால் கூட்டினாள். தூள் சுவரோரம் போயிற்று, மூலைக்குப் போயிற்று, அங்கிருந்து கீழே விழுந்தது. அடியில் இருந்த தகரத் தட்டில் மழை தொடங்குவது போல ஒரு சத்தம்.

கூடை காலியாகும்வரை அர்த்தநாரி அளந்தார். டப்பாவை மறுபடி திறக்கும்படி எதுவும் வரவில்லை.

சென்னியப்பன் உள்ளேயிருந்து வந்து தட்டில் விழுந்திருந்த தூளைப் பார்த்தார். பிறகு, திங்கட்கிழமை கொஞ்சம் நேரத்தோடு வர முடியுமா, நிறைய கட்டை பாக்கி இருக்கிறது என்று கனகுவிடம் கேட்டார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். கனகு வருவதாகச் சொன்னாள். மெஷினுக்கு அடியிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். போகிற வழியில் அர்த்தநாரியிடம் நின்றாள்.

"அண்ணா, நீங்க பொட்டு வெச்ச அந்த ரெண்டு கட்டை. அது என்ற கணக்குல ஏறாதுங்களே?"

அர்த்தநாரி கழிவுக் கூடையில் கிடந்த சிவப்புக் கட்டைகள் அத்தனையையும் பார்த்தார்.

"இதுல இருக்கறது எல்லாமே என்ற கணக்குதானுங்க" என்றார்.

அவள் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து அவர் முகத்தைப் பார்த்தாள், அவர் பொருளைப் பார்ப்பது போல. பிறகு சாப்பிடப் போனாள்.

இருவரும் ஸ்கூட்டரில் திரும்பினார்கள். ஆத்துப்பாலத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. கீழே நொய்யலில் தண்ணீர் கொஞ்சமாக, நுரையோடு போய்க்கொண்டிருந்தது.

டூல் ரூமுக்கு வந்ததும் அர்த்தநாரி வரைபலகை முன்னால் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து மேசையில் வைத்தார். சிவப்பு இன்னும் சரியாகக் காயவில்லை. பையின் துணியிலும் பட்டிருந்தது.

"நீங்க சொன்னீங்க, அம்மணி. நாந்தான் அழிச்சிட்டேன்."

"ம்."

"எதுக்கு வெட்டணும்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாங்க."

"நீங்களும் கேக்கலைங்களேண்ணா."

அது சரிதான் என்பது போல அவர் தலை அசைந்தது. ரயில் ஒன்று போயிற்று. சன்னல் கண்ணாடி அதிர்ந்து நிற்கும்வரை காத்திருந்தார்.

"கம்பெனியில ஒரு பையன் இருந்தான். லேத்துல. அவன் போட்டது எல்லாத்துலயும் நான் பொட்டு வெச்சேன். ஒரு நாள் போயிட்டான். அவன் மெஷினை நான் போய்ப் பாத்ததே இல்லைங்க."

பூங்கோதை அலமாரியைத் திறந்து புதுத் தாள் ஒன்றை எடுத்துப் பலகையில் விரித்தாள். வேறொரு பட்டறைக்கு வேறொரு ஜிக். மேல் மூலை இரண்டிலும் பின் குத்தினாள்.

அர்த்தநாரி பென்சிலைச் சீவினார். சீவல் மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. வழக்கமாக அதைக் குனிந்து பொறுக்குவார். இன்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி, மொதல் நாள் ஒண்ணு கேட்டேன். தப்பே வராத ஜிக் எப்படி இருக்கும்னு."

"ஞாபகம் இருக்குங்கண்ணா."

"நீங்க இன்னும் பதில் சொல்லலை."

பூங்கோதை அந்தச் சிவப்புப் பொட்டு வைத்த கட்டையை எடுத்தாள். தாள் சுருண்டுகொள்ளாமல் இருக்க, அதன் கீழ் ஓரத்தில் பாரமாக வைத்தாள்.

"தப்பு வராத மாதிரி எனக்குச் செய்யத் தெரியாதுங்கண்ணா. வந்தா தங்காத மாதிரி செய்வேன்."