பூஜ்ஜியத்தைத் தொடாத சமன்பாடு

ஒரு மீன்வளக் கல்லூரியின் வெள்ளைப் பலகையில் ஒரு சமன்பாடு குடியிருந்தது. வசதியான குடித்தனம். மேலே மின்விசிறி, பக்கத்தில் ஜன்னல், யாரும் அழித்துவிடக் கூடாது என்று சுற்றிலும் சிவப்பு மையில் ஒரு கட்டம். இப்படி வைத்துக் கொண்டாடினால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது? அதற்கும் வந்தது.

"இன்னைக்கு ஏரியில எத்தனை மீன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த மாசம் எத்தனை, பத்து வருஷம் கழிச்சு எத்தனைன்னு நான் சொல்றேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லும். வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளவும் முடியாது. கெண்டைக்குச் சொன்னது சரியாக வந்தது. குளத்துப் பாசிக்குச் சொன்னதும் வந்தது.

அதைப் பெற்றவள் சுகிர்தா என்கிற ஆராய்ச்சி மாணவி. மூன்று வருஷம் சோறு தண்ணி பார்க்காமல் அதை உருவாக்கினாள். கடைசியில் அதைப் பற்றி ஒரு தேற்றமும் நிரூபித்தாள். எத்தனை மீனைப் பிடித்தாலும் இந்தச் சமன்பாட்டின் கோடு பூஜ்ஜியத்தைத் தொடாது; தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும், பிறகு எழுந்து மேலே வந்துவிடும். அதுதான் தேற்றம். அதை நிரூபித்த அன்றைக்கு அவள் பேராசிரியர் துறை முழுக்க லட்டு கொடுத்தார்.

அந்த வருஷம் பூவாலி ஏரியில் கெண்டை வலையில் சரியாகப் படவில்லை. நாற்பது குடும்பம் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. மீனவர் சங்கத் தலைவர் கன்னியப்பன் கல்லூரிக்கு வந்து, "விரால் இருக்கு மேடம். மூவாயிரம் தேறும். பத்து நாள் எல்லாரும் சேர்ந்து வலை விட்டா அப்புறம் விரால் வருமா, வராதா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பூவாலி விரால் வேறெங்கும் கிடைக்காத ஜாதி என்று சுகிர்தாவுக்குத் தெரியும். அதனால் கவனமாகத்தான் கேட்டாள். ஒரு நாள் வலை போட்டால் பத்தில் ஆறு மீன் அகப்படும், நாலு தப்பிக்கும். இதைச் சமன்பாட்டிடம் கொடுத்தாள். அது கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் சொன்னது: "பத்து நாள் தாராளமா பிடிக்கட்டும். அப்புறம் வலை போடாம விட்டா, நாலாம் வருஷம் மறுபடி மூவாயிரம்."

கோடும் அப்படித்தான் இருந்தது. சரசரவென்று இறங்கி, கொஞ்சம் படுத்து, ஜம்மென்று ஏறியது. சுகிர்தா சங்கத்துக்குச் சேதி சொல்லியனுப்பிவிட்டு, ஆலோசனைக் கடிதத்தை அடித்து வைத்தாள். சங்கக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு.

கூட்டத்துக்கு முதல் நாள் அவள் ஏரிக்குப் போனாள். கன்னியப்பன் படகைத் தள்ள, அவள் பின்பக்கம் உட்கார்ந்து தண்ணீரின் சூட்டை அளந்துகொண்டிருந்தாள். அவளுடைய நோட்டு முன்பலகையில் திறந்து கிடந்தது. சமன்பாடு முதன்முதலாக வெளிக்காற்று வாங்கியது.

அப்போது பக்கத்தில் 'பொளக்' என்று ஒரு சத்தம். விரால் மூச்சு வாங்க மேலே வரும் மீன். வந்தது ஒரு தாய் விரால், கை நீளம் இருக்கும்.

"நீதான் எங்களைக் கணக்குப் போட்டவனா? ஏரி முழுக்க இதே பேச்சா இருக்கு. எங்களை என்னப்பா பண்ணப் போறீங்க?" என்றது.

"ஒண்ணும் பயப்படாதீங்க. பத்து நாள் கொஞ்சம் சிரமமா இருக்கும். நாலாம் வருஷம் பழையபடி ஆயிடுவீங்க. நிரூபிச்சாச்சு."

"பத்து நாள் முடிஞ்சதும் எத்தனை பேர் இருப்போம்?"

சமன்பாடு இதற்கெல்லாம் தயங்குகிற ஆள் இல்லை. "பூஜ்ஜியம் புள்ளி மூணு ஒண்ணு" என்றது.

விரால் ஒரு சுற்று சுற்றி வந்தது. காது கேட்கவில்லையோ என்று நினைத்திருக்கும். "அப்படின்னா?"

"அதாவது, கால் மீனுக்குக் கொஞ்சம் மேலே."

"எந்தக் கால் பங்கு? தலைப்பக்கமா, வால்பக்கமா?"

"அப்படியெல்லாம் பார்க்கக் கூடாதும்மா. அது ஒரு எண். பூஜ்ஜியத்தைவிடப் பெரிசு. பெரிசா இருந்தா போதும், அது வளரும்."

"அந்தக் கால் மீன் யாரைக் கட்டிக்கும்?"

அதுவரை யாரும் சமன்பாட்டிடம் கல்யாணப் பேச்சு பேசியதில்லை.

"நாங்க முட்டை போட்டதும் விட்டுட்டுப் போற ஜாதி இல்லப்பா" என்றது விரால். "அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்னு குஞ்சைக் காப்போம். ஒருத்தர் மூச்சு வாங்க மேலே போனா இன்னொருத்தர் கீழே நிப்போம். எங்க கரைப்பக்கம் போன வருஷமே ஆள் கம்மி. அவரைத் தேடி நான் மூணு நாள் கரை கரையா அலைஞ்சேன். இதெல்லாம் உன் கணக்குல எங்க இருக்கு?"

சமன்பாடு தன்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டது. பிறப்பு இருந்தது. இடம் இருந்தது, இரை இருந்தது, வலை இருந்தது. ஜோடி எங்கேயும் இல்லை.

"ஆனா நான் பூஜ்ஜியத்தைத் தொடமாட்டேனே. அது தேற்றம்" என்றது மெதுவாக. இப்போது அதன் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"நீ தொடமாட்டே சாமி. நாங்க தொட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டு விரால் உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலை சங்கக் கொட்டகையில் நாற்பது குடும்பத்திலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். வலைகளை வெயிலில் உதறி அடுக்கி வைத்திருந்தார்கள். டீ வந்தது. சுகிர்தா கடிதத்தை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

"போடாதே" என்றது நோட்டிலிருந்து சமன்பாடு.

அவள் குனிந்து, "என்ன இப்போ? உன் நிரூபணத்துல தப்பா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"நிரூபணம் சரிதான். என் கோடு கீழே படுத்திருக்கிற இடத்துல எத்தனைன்னு நீ பார்த்தியா?"

அவள் பார்க்கவில்லை. ஏறி வந்த இடத்தைத்தான் பார்த்தாள். எல்லாரும் அதைத்தான் பார்ப்போம், அவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? இப்போது பார்த்தாள். புள்ளி மூணு ஒண்ணு. முழுசாக ஒரு மீன்கூட மிச்சமில்லாத ஏரியிலிருந்து மூவாயிரம் மீனை எழுப்பி, தான் அதற்கு லட்டும் தின்றிருக்கிறோம் என்று புரிந்தபோது முகம் சிவந்துபோனது.

"என்னை உடைச்சு ஒரு அடைப்புக்குறியைச் சேர்" என்றது சமன்பாடு. "இத்தனை பேருக்குக் கீழே போனா ஜோடி கிடைக்காது, அப்புறம் ஏறாது, இறங்கித்தான் போகும்னு ஒரு அடைப்பு."

"சேர்த்தா உன் தேற்றம் போயிடும். நீ பூஜ்ஜியத்தைத் தொடுவே. என் மூணு வருஷம்?"

"தெரியும். எனக்கு மட்டும் வலிக்காதா? சீக்கிரம் எழுது, பேனா திறந்துதானே இருக்கு."

எழுதினாள். அழகாக இருந்த சமன்பாட்டின் இடுப்பில் ஒரு கோணல் அடைப்பு வந்து உட்கார்ந்தது. பிறகு அவள் எழுந்து நின்றாள்.

"கன்னியப்பண்ணா, ஒண்ணு கேட்கணும். எத்தனை விரால் இருந்தா ஜோடி தேடி அலையாம இருக்கும்?"

அவர் மேவாயைத் தடவினார். "நானூறுக்கு மேல இருந்தா கரைக்குக் கரை குஞ்சுக் கூட்டம் தெரியும் மேடம். அதுக்குக் கீழே இறங்கினதைப் பார்த்தது எங்கப்பா காலத்துலதான். அப்ப பக்கத்து ஓடையிலிருந்து வெள்ளத்துல வந்து சேர்ந்துச்சு. இப்ப ஓடை ஏது?"

சுகிர்தா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். முதல் நாள் வலைக்குப் பிறகு ஆயிரத்து இருநூறு. இரண்டாம் நாளுக்குப் பிறகு நானூற்று எண்பது. மூன்றாம் நாள் போட்டால் இருநூறுகூட இல்லை.

"பத்து நாள் கிடையாது. ரெண்டு நாள்தான். நான் முதல்ல சொன்னது தப்பு" என்றாள்.

கொட்டகை இரைந்தது. "நாலு வருஷத்துல வரும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் முன்வரிசையில் இருந்த பர்வதம். அவள் வீட்டில் இரண்டு மாதமாக ஒருவேளைச் சோறுதான்.

"சொன்னேங்க. வராது. ரெண்டு நாளுக்கு மேல போட்டா எப்பவும் வராது."

கன்னியப்பன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு அன்னைக்கே உள்ள உறுத்துச்சு. காலேஜ்ல சொல்றாங்களே, நமக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ரெண்டு நாள் போடுவோம். வர்றதை நாற்பதாப் பிரிச்சுக்குவோம். மீதி வலையைச் சுருட்டுங்க" என்றார். திட்டிக்கொண்டேதான் சுருட்டினார்கள். பர்வதம் கடைசியாகச் சுருட்டினாள்.

கல்லூரியில் பேராசிரியர் தேற்றம் போனதற்கு ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. பலகையில் சிவப்புக் கட்டத்தை யாரோ அழித்துவிட்டார்கள். சமன்பாடு அதைக் கண்டுகொள்ளவில்லை. அதற்கு வேறு கவலை வந்துவிட்டது. இந்த நானூற்று எண்பதில் எத்தனை பேருக்கு ஜோடி கிடைத்ததோ என்று ஐப்பசி மழை பெய்கிறவரை அதற்கு நிலைகொள்ளவில்லை.

கார்த்திகையில் சுகிர்தா நோட்டோடு மறுபடி படகேறினாள். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கோரைப்புல் ஓரத்தில் தண்ணீர் ஒரு முழ அகலத்துக்குச் செக்கச்செவேலென்று கொதித்தது. கிட்டப்போய்ப் பார்த்தால் அத்தனையும் விரால் குஞ்சு. ஒரு பக்கம் தாய் விரால், மறு பக்கம் அதன் வீட்டுக்காரர்.

சமன்பாட்டுக்கு மனசு நிறைந்துபோனது. பழக்கதோஷம், உடனே கேட்டது: "எத்தனைம்மா?"

"எண்ணலைப்பா" என்றது தாய் விரால், குஞ்சுகளை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ஆனா ஒண்ணு குறைஞ்சாத் தெரியும்."