கோடு தாண்டிய சாயம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, சுவருக்குக் காது முளைச்சு, வாய் இன்னும் முளைக்காத காலத்துல, மண்கோட்டைன்னு ஒரு ராஜ்யம் இருந்துச்சு. பேருக்கேத்த மாதிரி வீடும் மண்ணு, தெருவும் மண்ணு, அரண்மனை மதிலும் மண்ணு. எங்கே திரும்பினாலும் ஒரே நிறம். பக்கத்து ராஜ்யத்துக்காரன் ஒருத்தன் ஊர் நடுவுல நின்னுக்கிட்டு, "ஊர் இன்னும் எவ்வளவு தூரம்?"னு கேட்டானாம். ராஜாவுக்கு அன்னைக்குச் சோறு இறங்கல.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல முப்பது பிள்ளைங்க. அதுல ஒருத்தி நாச்சி. பயந்தாங்கொள்ளின்னா அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி. சேவல் கூவினா பயம், மாடு முறைச்சா பயம், இடி இடிச்சா கேக்கவே வேணாம். பயம் வந்தா அவ உள்ளங்கை ரெண்டும் வேர்த்து ஊத்தும். அவ தம்பி சேந்தன், ஆறு வயசு வாலு, மாட்டு வாலைப் பிடிச்சு இழுக்கிற ரகம். அவங்க அம்மா பணியாரம் சுட்டு விக்கிறவ. சாயங்காலம் மிச்சப் பணியாரத்தை ரெண்டு தட்டுல வச்சுட்டு ரெண்டு பேரையும் கூப்பிடுவா.

ஒருநாள் ஊருக்கு ஒரு ஓவிய வாத்தியார் வந்தான். பேரு பஞ்சவர்ணன். மண் சுவரையெல்லாம் பிள்ளைங்க கையாலயே பளபளன்னு ஆக்கிக் காட்டுறேன்னு ராஜாகிட்ட சொன்னான். ராஜா உடனே சரின்னுட்டார். ஆனா ஒண்ணை யாருமே கவனிக்கல. அவன் வேட்டி வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. ஒரு சொட்டுச் சாயம் கிடையாது. நான் சொல்றேன் கேட்டுக்கோங்க, வேட்டியில கறையில்லாத ஓவிய வாத்தியாரை நம்பவே நம்பாதீங்க.

முதல்ல எல்லாம் நல்லாத்தான் போச்சு. சாமி படம் வேணாம், ராஜா படம் வேணாம், கடைத்தெருவுல தினம் பாக்கிறதைப் போடுங்கன்னான். முறுக்கு, வெங்காயம், பிஞ்ச செருப்பு. ஆள் உயரத்துக்குப் பெருசா, வரிசையா, ஒரே முறுக்கை நாலு நிறத்துல. அட்டையில உருவத்தை வெட்டி எடுத்துட்டு, அந்த ஓட்டையைச் சுவர்ல வச்சு அழுத்தி, பஞ்சால சாயத்தை ஒத்தணும். அட்டையை எடுத்தா முறுக்கு நிக்கும். பிள்ளைங்க குதிச்சுதுங்க. ஒத்தும்போதெல்லாம் வாத்தியார் பின்னாடியே நடந்து பாடுவான்:

"கோடு தாண்டாதே, கோடு தாண்டாதே. கோடு தாண்டினா கேடு."

நாச்சிக்கு அவன் குரலைக் கேட்டாலே நடுக்கம். கை வேர்த்து, பஞ்சு நனைஞ்சு, சாயம் அட்டைக்கு அடியில கசிஞ்சு ஓடும். அவ போட்ட முறுக்குக்கு மட்டும் மீசை, தாடி, வால் எல்லாம் இருக்கும். வாத்தியார் அவளை அடிக்கல. வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நாலடி தள்ளி நின்னு, இனிமே நீ வெளியே உக்காந்து பஞ்சு அலசுன்னுட்டான்.

அப்புறம்தான் வினை ஆரம்பிச்சுது. யார் முகம் ஊர்ச் சுவர்ல நிக்கணும்னு கேட்டான். எல்லாக் கையும் உயர்ந்துச்சு. காலை வெயில்ல பிள்ளையை நிறுத்தி, கீழே விழுந்த நிழலை அட்டையில வரைஞ்சு வெட்டுவான். முதல் நாள் சிவப்பு முகம். மறுநாள் பக்கத்துல மஞ்சள் முகம். மூணாம் நாள் அதுக்குப் பக்கத்துல நீல முகம்.

சிவப்பு வச்சா அந்தப் பிள்ளையோட நிழல் போச்சு. மஞ்சள் வச்சா குரல் போச்சு. நீலம் வச்சா பிள்ளையே போச்சு.

அப்போ பெத்தவங்க சும்மாவா இருந்தாங்கன்னு கேப்பீங்க. அங்கேதான் அவன் சூது. அந்தப் படத்தைப் பாத்து யார் "ஆஹா, என்ன அழகு"ன்னு சொன்னாலும், அந்த நிமிஷமே அந்தப் பிள்ளையை மறந்துருவாங்க. பிள்ளையைத் தேடி வந்த அப்பன் சுவரைப் பாத்து ஆஹான்னுட்டு, எதுக்கு வந்தோம்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டுத் திரும்பிப் போனான். ராஜாவும் வந்தார், ஆஹான்னார், போனார். நாச்சிக்கு மட்டும் எதுவும் மறக்கல. ஏன்னா அந்த முகங்களைப் பாக்க அவளுக்குப் பயம். கண்ணை மூடிக்கிட்டே தெருவைக் கடப்பா. ஆஹான்னு சொல்ல அவளுக்கு வாயே வரல.

முப்பது இருபதாச்சு. இருபது பத்தாச்சு. பத்து ரெண்டாச்சு. மிஞ்சினது நாச்சியும் சேந்தனும்தான்.

போகாதேடா, போகாதேடான்னு தம்பி காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினா. கேக்கிற ஆளா அவன்? என் முகம் மதில்ல நிக்கும், உனக்குப் பொறாமைன்னு சொல்லிட்டு ஓடினான். அன்னைக்குத் திரும்பி வரும்போது நாச்சிக்கு முன்னாடி அவ நிழல் நடந்துச்சு. பக்கத்துல வந்த சேந்தனுக்கு நிழலே இல்ல. மறுநாள் வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தான், சத்தம் வரல. அம்மா தொண்டைக் கட்டுன்னு நினைச்சு சுக்குக் கஷாயம் வச்சுக் குடுத்தா. நாச்சி அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னா. அம்மா அவன் காலடியைப் பாத்தா, வெறும் தரை. நாளைக்கு நானே போய் அந்த வாத்தியாரை நாலு கேள்வி கேக்கிறேன்னா.

மறுநாள் விடிஞ்சு பாத்தா சேந்தன் பாய்ல இல்ல, எப்பவோ ஓடியிருந்தான். அம்மா முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு வேகமாப் போனா. பின்னாடியே ஓடின நாச்சி தெருமுனையிலயே நின்னுட்டா, கால் நகரல. மதில்ல சிவப்புல ஒரு சேந்தன், மஞ்சள்ல ஒரு சேந்தன், ஈரம் காயாம நீலத்துல ஒரு சேந்தன். சொல்லாதே அம்மான்னு நாச்சி கத்துறதுக்குள்ள, அம்மா முகத்துல கோபம் கரைஞ்சு போச்சு.

"ஆஹா, என்ன அழகு," என்றாள் அம்மா. "யார் வீட்டுப் பிள்ளையோ."

அன்னைக்குச் சாயங்காலம் அம்மா பணியாரத்தை எடுத்து வச்சா. ஒரே ஒரு தட்டு. சேந்தன் எங்கேம்மான்னு நாச்சி கேட்டா. அது யாருன்னு அம்மா கேட்டா. சேவலும் இடியும் குடுக்காத பயம் அது.

மறுநாள் உச்சிப்பொழுது. காத்து கருப்பு உலாத்துற நேரம்னு பெரியவங்களே தெருவுல கால் வைக்க மாட்டாங்க. நாச்சி மட்டும் மதில்கிட்ட வந்து, முதல் தடவையா கிட்ட நின்னு கண்ணைத் திறந்து நீலச் சேந்தனைப் பாத்து அழுதா. மேல இருந்து "ச்சு ச்சு ச்சு"ன்னு ஒரு சத்தம். ஒரு பல்லி.

"சுவர் முழுக்க நடக்கிறவ நான்," என்றது பல்லி. "படம் இருக்கிற இடம் மட்டும் சூடா இருக்கு. உள்ளே மூச்சு ஓடுது. ஆனா நாளைக்கு ராஜா முன்னாடி அவன் எல்லாப் படத்துக்கும் மெருகு பூசப் போறான். அதுக்கப்புறம் மூச்சும் இல்ல, சூடும் இல்ல."

வெளியே எடுக்க வழி சொல்லுன்னு நாச்சி கேட்டா. அது எனக்குத் தெரியாது, நான் பல்லின்னுது அது. "ஆனா இத்தனை பிள்ளையை எடுத்தவன் உன்னை மட்டும் ஏன் எடுக்கல? அதை யோசி." சொல்லிட்டு ஓட்டு இடுக்குல போயிருச்சு.

நாச்சி யோசிச்சா. கசியிற சாயத்தைக் கண்டா அவன் நாலடி தள்ளி நிப்பானே! ஓடிப்போய் ஒரு குடம் தண்ணி கொண்டுவந்து நீலத்து மேல ஊத்தினா. தண்ணி உருண்டு ஓடிப் போச்சு, சாயம் இளகல. எச்சில் தொட்டுத் தேச்சா. இளகல. கண்ணீரைத் தொட்டுத் தேச்சா. அதுக்கும் இளகல. அந்த நேரம் பாத்து தெருக்கோடியில ஒரு வெள்ளை வேட்டி தெரிஞ்சுது.

நடந்து வர்றான். செருப்புச் சத்தம் இல்ல, மூச்சுச் சத்தம் இல்ல. பாட்டு மட்டும் முன்னாடி வருது. "கோடு தாண்டாதே, கோடு தாண்டாதே. கோடு தாண்டினா கேடு." நாச்சி ஓட நினைச்சா. கால் வரல. பின்னாலயே நகர்ந்து முதுகு மதில்ல முட்டுச்சு, ரெண்டு கையும் நீலச் சேந்தன் மேல பதிஞ்சுது. பயத்துல கை ஆறா வேர்த்துச்சு. விரலுக்கு அடியில ஏதோ வழுக்கிச்சு. திரும்பிப் பாத்தா, நீலம் கோட்டைத் தாண்டிக் கசியுது. கசிஞ்ச இடத்துல ஒரு குட்டி விரல் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு. உயிருள்ள விரல்.

வாத்தியாரும் பாத்துட்டான். கையை எடு, இல்லேன்னா உன் நிழலை உருவிருவேன்னான். நாச்சிக்கு இன்னும் வேர்த்துச்சு, தம்பி கை முழுசா வந்துச்சு. உன் குரலைப் பறிச்சிருவேன்னான். இன்னும் வேர்த்துச்சு, தோள் வந்துச்சு. உன்னையும் இந்தச் சுவர்ல ஒத்திருவேன்னான். தெப்பமா வேர்த்துச்சு, தம்பி தலை வந்துச்சு.

சூனியக்காரன் முட்டாளா என்ன? சட்டுனு புரிஞ்சுக்கிட்டான். நாலடி தள்ளி நின்னு, குரலைத் தேனாக்கினான்.

"பயப்படாதே கண்ணு. நான் விளையாட்டுக்குச் சொன்னேன். நீ வீட்டுக்குப் போ, தம்பியை நானே கொண்டுவந்து விடறேன். எதுக்குப் பயம்?"

அவ்வளவு இதமாச் சொன்னான். நாச்சிக்கு நெஞ்சு படபடப்பு அடங்குச்சு. வாழ்நாள் பூரா அந்த வார்த்தைக்குத்தானே அவ ஏங்கினா? கை காய ஆரம்பிச்சுது. காயக் காய, நீலம் இறுகிச்சு. பாதி வெளியே வந்த சேந்தன் வாயைத் திறந்து சத்தமில்லாம அலறினான். சுவர் அவனைத் திரும்ப உள்ளே இழுக்குது.

நாச்சி அந்த முகத்தைப் பாத்தா. நேத்துச் சாயங்காலம் அம்மா வச்ச ஒத்தைத் தட்டை நினைச்சா. இவன் உள்ளே போயிட்டா, இவனை நினைக்க இந்த உலகத்துல தன்னைத் தவிர ஆளில்ல. நாளைக்கு மெருகு பூசினா அதுவும் வீண். இவன் கிடையவே கிடையாது, இருந்ததே கிடையாது. அந்த நினைப்புக்கு முன்னால வாத்தியாரெல்லாம் எம்மாத்திரம்? உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் குலுங்கிப் போனா.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு," என்றாள் நாச்சி. "நான் பயந்துக்கிட்டேதான் இருப்பேன்."

சொன்னவ கையை இன்னும் அழுத்தினா. வேர்வை வழிஞ்சுது. நீலம் கரைஞ்சு சேந்தன் பொத்துனு தரையில விழுந்தான். மஞ்சள் மேல கை வச்சா, மஞ்சள் கரைஞ்சு அவனுக்கு "அக்கா"ன்னு குரல் வந்துச்சு. சிவப்பு மேல வச்சா, சிவப்பு கரைஞ்சு அவன் காலடியில உள்ளங்கை அளவு நிழல் வந்து ஒட்டிக்கிச்சு.

கரைஞ்ச மூணு சாயமும் மதிலை விட்டு இறங்கித் தெருவுல ஓடுச்சு. வாத்தியார் வேட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினான். எவ்வளவு ஓட முடியும்? ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு வேட்டி ஓரத்துல பட்டுச்சு. அவ்வளவுதான். ஓரம் கலங்கிச்சு, அப்புறம் கால், அப்புறம் இடுப்பு. அவனே யாரோ எப்பவோ அட்டை வச்சு ஒத்தின படம்தான் போலிருக்கு. பாடின வாய் கடைசியாக் கலங்கி, சாக்கடையோட போச்சு.

அவன் போன நிமிஷம் ஊர்ல இருந்த அத்தனை முகமும் மழையில நனைஞ்ச மாதிரி வழிய ஆரம்பிச்சுது. சுவருக்குச் சுவர் பிள்ளைங்க பொத்து பொத்துனு விழுந்துதுங்க. அந்த உச்சி வெயில்ல, ஒரு வீட்டுக் கதவு திறந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. பெத்தவங்க தெருவுக்கு ஓடிவந்து, மறந்துபோன பேரையெல்லாம் தொண்டை கிழியக் கூப்பிட்டாங்க. நாச்சியோட அம்மா மாவுக் கையோட ஓடிவந்தா. சேந்தன் முதுகுல ரெண்டு அடி வச்சா, அப்புறம் ரெண்டு பேரையும் சேத்து அணைச்சுக்கிட்டுக் கதறினா.

மறுநாள் பரிவாரத்தோட வந்த ராஜா, வழிஞ்சு திட்டுத்திட்டா நின்ன சுவரைப் பாத்தார். நடந்ததைக் கேட்டார். தானும் ஆஹான்னு சொன்னது ஞாபகம் வந்து, வெக்கத்துல தலை குனிஞ்சார். நாச்சிக்கு என்ன வேணும்னு கேட்டார். அவ நடுங்கிக்கிட்டே, இனிமே நாங்க சுவர்ல போடுறப்போ யாரும் பின்னாடி நின்னு பாட வேணாம்னு மட்டும் கேட்டா. ராஜா அதையும் குடுத்தார், ரெண்டு கைக்கும் தங்கக் காப்பும் குடுத்தார், ஊர்ச் சுவர் மொத்தத்தையும் பிள்ளைங்களுக்கே எழுதி வச்சார்.

அன்னையிலிருந்து மண்கோட்டையில ஒரு வழக்கம். ஒரு பிள்ளை போட்ட படத்தைக் காட்டினா, பெரியவங்க முதல்ல படத்தைப் பாக்க மாட்டாங்க. போட்ட பிள்ளை எங்கேன்னு தேடி, கையைப் பிடிச்சுக்கிட்டு, அப்புறம்தான் பாப்பாங்க.

அவங்க கதை அவங்க ஊர்ல முடிஞ்சுது. நீங்க எழுந்து போய் உங்க உங்க பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. ஏன்னு கேக்குதான்னு பாருங்க.